ஓடுகிற டிஸ்க்கும் ஓய்வெடுக்கிற டிஸ்க்கும்

கேள்வி: நான் நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். என் அப்பா வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். 1979 முதல் ஊர் ஊராகக் கோயில் கொடைகளில் பாடியதையெல்லாம் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தார். அவர் விட்டுப்போனது 220 கேசட். இரண்டு வருடமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். மருமகன் சொன்னபடி உயர்ந்த தரத்தில் பதிந்ததால் ஏறக்குறைய 700 ஜிபி ஆகிவிட்டது. அதோடு குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள். எல்லாம் 2013-ல் வாங்கிய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, இடம் தீர்ந்துவிட்டது. சில நாட்களாக அதிலிருந்து ‘டக்... டக்’ என்று ஒரு சத்தம் வேறு. மஸ்கட்டில் இருக்கும் மகன் ராத்திரியில் அங்கிருந்தே தாத்தா குழுவின் பாட்டைக் கேட்பதால் கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட விடுகிறேன். கரண்ட் பில் ஏறுகிறது. இன்வெர்ட்டரும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எந்தக் கம்பெனி ஹார்ட் டிஸ்க் நம்பகமானது? மின்சாரம் குறைவாக இழுப்பது எது? கடைக்காரர் சிசிடிவி டிஸ்க் போதும் என்கிறார். இணையத்தில் 8 டெராபைட் ‘என்டர்பிரைஸ்’ டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? எல்லாம் புது டிஸ்க்கில் ஏறியபின் கேசட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஐயா, நீங்கள் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் மிக முக்கியமான வரி, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய அந்த ‘டக்... டக்’. இதழ் அச்சாகி வரும்வரை அது காத்திருக்காது என்பதால் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுக்கு மேலே, படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அது அங்கேயே எழுதப்பட்டிருக்கும் அடையாளங்களைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. அந்த அடையாளம் பிடிபடாமல் போனால் ஹெட் தன் இருப்பிடத்துக்குத் திரும்பி மறுபடியும் முயல்கிறது. திரும்பத் திரும்ப இப்படிப் போய் வருவதுதான் அந்த ‘டக்’. ஒவ்வொரு முயற்சியிலும் ஹெட் தட்டை உரசிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே உடனே கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். டிஸ்க்கைச் சரிபார்க்கும் மென்பொருள், டிஃப்ராக் எதையும் ஓட்டக் கூடாது. சாகக் கிடப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. புது டிஸ்க் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரே தடவை பழையதை ஓடவிட்டு எடுக்க முடிந்ததை எடுக்க வேண்டும்.

அப்போது எதை முதலில் எடுப்பது? பாட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று உங்கள் மனம் சொல்லும். நான் படங்களையும் கல்யாண வீடியோக்களையும் முதலில் எடுக்கச் சொல்கிறேன். பாட்டுக்குக் கேசட் இருக்கிறது. படங்களுக்கு வேறு பிரதியே இல்லை. அவை போனால் போனதுதான். டிஸ்க் எதையும் காட்ட மறுத்தால் அதோடு நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்புக் கூடத்துக்கு அனுப்புங்கள். சாதாரண மேசையில் டிஸ்க்கின் மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகள். எந்தக் கம்பெனி?

ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஹார்ட் டிஸ்க் செய்தன. இன்று உலகம் முழுவதற்கும் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது இவர்களுடைய சரக்குதான். கடைத்தெருவில் இந்த மூவரைப் பற்றியும் ஆளுக்கொரு கட்சி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு கம்பெனி டிஸ்க் ஒரு முறை கெட்டுப்போயிருக்கும். ஆயுசுக்கும் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். ஒரு டிஸ்க்கை வைத்துக் கம்பெனியை எடைபோட முடியாது.

பெரிய எண்ணிக்கையில் பார்த்தவர்களின் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கும் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் பிறருடைய கோப்புகளைக் காசு வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்துக்கொள்ளும் தொழில் செய்கிறது. தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை செத்தது என்பதை 2013 முதல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. மொத்தத்தில் ஆண்டுக்கு நூற்றில் இத்தனை என்று பார்த்தால் 2021-ல் 1.01, 2023-ல் 1.70, 2024-ல் 1.57. அந்தப் பட்டியலைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். ஒரே கம்பெனியின் ஒரு மாடல் அருமையாக ஓடியிருக்கும், இன்னொரு மாடல் கவிழ்த்திருக்கும். மூன்று கம்பெனிக்கும் இது பொருந்தும்.

நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பெட்டியில் ‘10 லட்சம் மணி நேரம்’ என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 வருடம். ஒரு டிஸ்க் 114 வருடம் ஓடும் என்று அதற்குப் பொருளில்லை. ஆயிரம் டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்பது சாகும் என்பதுதான் அந்த எண் சொல்வது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதம் அந்தப் பதிவேட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருந்தன.

ஆகவே ‘நம்பகமான டிஸ்க் எது’ என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டாவது டிஸ்க். இதைச் சாமர்த்தியமாகச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. 22 வருடமாக மதுரையில் மேசைமேல் செத்த டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். விலை உயர்ந்த ஒன்றை வாங்கும் பணத்தில் நடுத்தர விலையில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓடட்டும், மற்றொன்று பீரோவில் இருக்கட்டும். பீரோவில் இருக்கும் டிஸ்க்கைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும் டிஸ்க்கும் உலகத்தில் கிடையாது.

மின்சாரக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். டெஸ்க்டாப்பில் போடும் 3.5 அங்குல டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுவது, வேலை இல்லாமல் சும்மா சுழலும்போது 6, 7 வாட் இழுக்கும். 5400 சுற்று சுற்றும் சிறிய கொள்ளளவு டிஸ்க் 3 முதல் 4 வாட். வித்தியாசம் மூன்றரை வாட் என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஓடினாலும் 31 யூனிட்தான். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 250 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

உங்கள் பில்லை ஏற்றுவது டிஸ்க் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் பழைய கம்ப்யூட்டர். 2013 காலத்து டெஸ்க்டாப் ஒன்றும் செய்யாமல் நின்றாலே சுமார் 50 வாட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு 73 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசியை அது ஒன்றே தின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கையகலப் பெட்டியில் வரும் மினி கம்ப்யூட்டரோ, இரண்டு டிஸ்க் போட்டு நெட்வொர்க் வழியே கோப்புகளைத் தரும் நாஸ் பெட்டியோ 10 முதல் 15 வாட்டில் இதே வேலையைச் செய்யும். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதுவும் போதும்; அதில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போகும்போது லேப்டாப் அணைந்துவிடும் என்ற கவலை இல்லை. இந்த மாற்றத்தைச் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பில்லில் பெரிதாக எதுவும் குறையாது.

அப்படியென்றால் குறைந்த வாட் டிஸ்க் எதற்கு? வெப்பத்துக்காக. நம் ஊருக்கு இது தனிப் பாடம். அதே கூகுள் கட்டுரையில், குளிரூட்டிய கூடத்தில் ஓடும் புது டிஸ்க்குகளுக்கு வெப்பம் பெரிய எமனாக இல்லை என்று கண்டார்கள். ஆனால் மூன்று, நான்கு வருடம் ஓடிய டிஸ்க்குகளில் வெப்பம் கூடக் கூடச் சாவும் கூடியது. உங்கள் வீட்டு டிஸ்க் குளிரூட்டிய கூடத்தில் இல்லை. சித்திரை, வைகாசியில் மதியம் மாடி அறை 35 டிகிரி என்றால், மூடிய பெட்டிக்குள் 7 வாட் டிஸ்க் எளிதாக 48, 50 டிகிரிக்குப் போய்விடும். 3 வாட் டிஸ்க் 42, 43-ல் நிற்கும். இந்த ஆறேழு டிகிரி வித்தியாசத்துக்குத்தான் நான் காசு கொடுக்கச் சொல்கிறேன். 45 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பதை ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். டிவி ஸ்டாண்டுக்கு உள்ளே, பூட்டிய அலமாரியில், இன்வெர்ட்டருக்கு மேலே பெட்டியை வைக்காதீர்கள்.

சுற்று வேகத்துக்கும் வாட்டுக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டில் போவதில்லை. தட்டு சுழலும்போது உள்ளே இருக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு சுழல்கிறது. அந்தக் காற்றை எதிர்க்க ஆகும் செலவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். 5400-லிருந்து 7200-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்குக் கொடுக்கும் கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. தட்டின் விட்டம் குறைந்தால் செலவு இன்னும் வேகமாக இறங்கும். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் ஒரு வாட்டுக்குள் சும்மா சுழல்வது இதனால்தான். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து வருகிறதே, அதுவும் இதற்காகத்தான். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் ஹீலியம். 2013-ல் 6 டெராபைட்டில் முதலில் வந்தது.

நீங்கள் வில்லிசைக் குடும்பம் என்பதால் ஒன்று சொல்கிறேன். 5400 சுற்று என்றால் நொடிக்கு 90, 7200 என்றால் நொடிக்கு 120. டிஸ்க் ஓடும்போது காதை அருகில் வைத்தால் கேட்கும் மெல்லிய ரீங்காரத்தின் சுருதி அதுதான். 90-க்கும் 120-க்கும் உள்ள இடைவெளி சட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள அதே இடைவெளி. 2020-ல் ‘5400 வகுப்பு’ என்று விற்ற சில டிஸ்க்குகள் உண்மையில் 7200-ல் சுற்றுகின்றன என்பதை வாங்கியவர்கள் மைக் வைத்துப் பதிந்து, 120-ல் சுருதி நிற்பதைக் காட்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஆகவே ‘வகுப்பு’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். தயாரிப்பாளரின் விவரத்தாளில் ‘சும்மா இருக்கும்போது எத்தனை வாட்’ என்ற வரியைப் பாருங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் தனித்தனியே ஆம்பியர் போட்டிருக்கும். அது உச்ச அளவு. அன்றாடச் செலவு அதைவிடக் குறைவு.

வாட்டுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, எழுதும் முறை. சில டிஸ்க்குகளில் தடங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சி.எம்.ஆர் என்பார்கள். வேறு சிலவற்றில் ஓட்டுக்கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதைப் போல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி நிற்கும், எஸ்.எம்.ஆர். அதே தட்டில் நிறையக் கொள்ளும், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள வரிசைகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதுபோல, சிறிய மாற்றத்துக்கும் ஒரு பெரும் பகுதியைத் திரும்ப எழுதும். வெறுமனே நிரப்பி வைத்துப் படிப்பதற்கு இது போதும். நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்க்கை இணைத்து ஓட்டும்போது, ஒன்று கெட்டு மற்றதிலிருந்து திரும்பக் கட்டும் வேளையில், நாட்கணக்கில் திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் எஸ்.எம்.ஆர் என்பதை விவரத்தாளில் சொல்லாமல் விற்றது 2020-ல் வெளிப்பட்டுப் பெரிய சர்ச்சை ஆனது. பிறகுதான் சி.எம்.ஆர் டிஸ்க்குகளுக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

ஓடப்போகும் டிஸ்க்குக்கு என் தீர்ப்பு: 4 டெராபைட், 3.5 அங்குலம், 5400 சுற்று, சி.எம்.ஆர், நாஸ் உபயோகத்துக்கென்று செய்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் இந்த அளவில் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும். எது உள்ளூரில் பில்லோடு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். தோஷிபாவின் என்300 நல்ல டிஸ்க்தான். 7200 சுற்று என்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. நாஸ் டிஸ்க்குகள் 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே செய்யப்படுகின்றன. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் இரண்டு வருட வாரன்டி, இவற்றுக்கு மூன்று. 2.5 அங்குலம் இன்னும் சிக்கனம் ஆயிற்றே என்றால், அவை அநேகமாக எல்லாமே எஸ்.எம்.ஆர். இரவு பகலாக ஓடுவதற்கென்று செய்தவையும் அல்ல. உங்களிடம் இப்போது இருப்பது 1 டெராபைட் என்றாலும் 2-ஐ வாங்காமல் 4 வாங்கச் சொல்வதற்குக் காரணம், மீதி இடம் இருந்தால்தான் அடுத்த நான்கைந்து வருடம் மறுபடி கடைக்குப் போகாமல் இருக்கலாம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த டிஸ்க்கை அடிக்கடி தூங்க வைப்பது என்று ஒரு வழி உண்டு. அதில் நான் கை சுட்டுக்கொண்டவன். 15 வருடத்துக்கு முன் மின்சிக்கனம் என்று விளம்பரம் செய்த ஒரு டிஸ்க்கை என் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். எட்டு நொடி வேலை இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிடும்படி அதைச் செய்திருந்தார்கள். லினக்ஸோ பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு குறிப்பை எழுதும். எழுதக் கூப்பிட்டதும் ஹெட் இறங்கும், எட்டு நொடியில் ஏறிவிடும், மறுபடி இறங்கும். நிமிடத்துக்கு நான்கு முறை என்றால் ஒரு நாளைக்கு 5,760. அத்தகைய டிஸ்க்கின் ஹெட் தாங்கும் என்று சொல்லும் மூன்று லட்சம் தடவையை 52 நாளில் தீர்த்துவிடலாம். மூன்று வாட் மிச்சம் பிடிக்கப் போய் டிஸ்க்கையே தேய்த்தேன்.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். விண்டோஸோ லினக்ஸோ, அதை ஒரு சிறிய எஸ்.எஸ்.டி-யில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) போடுங்கள். ஓயாமல் கிறுக்கும் வேலையெல்லாம் அங்கேயே நடக்கட்டும். பாட்டும் படமும் மட்டும் பெரிய டிஸ்க்கில். அப்போது மகன் ராத்திரி பாட்டு கேட்காத நேரத்தில் அந்த டிஸ்க்கை யாரும் தொடப்போவதில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் சுழற்சியை நிறுத்து என்று வையுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை எழுந்தால் வருடத்துக்கு ஆயிரம் தடவை. அது டிஸ்க்குக்கு ஒரு பாரமே இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மட்டும் வைக்காதீர்கள். நின்ற தட்டை மறுபடி சுழல வைக்கும்போதுதான் 3.5 அங்குல டிஸ்க் மிக அதிகமாக, சில நொடிகளுக்கு 20 வாட்டுக்கு மேலும், இழுக்கிறது. எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி-யிலேயே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஓடும் இடத்தில் தாராளமாக வைக்கலாம், பணம்தான் கூடுதல். ஆனால் அதைப் பீரோவில் வருடக்கணக்கில் வைத்துவிட்டு நம்ப வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால், அதிலும் நிறைய எழுதித் தேய்ந்ததாக இருந்தால், அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

சிசிடிவி டிஸ்க் பற்றி உங்கள் கடைக்காரர் சொன்னது தவறில்லை. சீகேட் ஸ்கைஹாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள் போன்றவை இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்தவை. சிறிய அளவுகளில் வாட்டும் குறைவு. பல கேமராக்களின் படத்தை இடைவிடாமல் எழுதுவதற்கு அவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் வேலை எழுதுவதைவிடப் படிப்பது. விலை ஒன்றாக இருந்தால் நாஸ் டிஸ்க்கை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், சி.எம்.ஆர் என்று விவரத்தாளில் உறுதி செய்துகொண்டு இதை வாங்கலாம்.

பாதி விலை என்டர்பிரைஸ் டிஸ்க்கை வாங்காதீர்கள். தரவு மையங்களில் வருடக்கணக்கில் ஓடிக் கழித்த டிஸ்க்குகள் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் வருகின்றன. அப்படிச் சொல்லி விற்றாலாவது நேர்மை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பலர் ‘புதிது’ என்று வாங்கிய சீகேட் டிஸ்க்குகள் ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. நடுவில் யாரோ ‘ஸ்மார்ட்’ பதிவேட்டில் ஓடிய மணி நேரத்தைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். டிஸ்க்கின் இன்னொரு உள்பதிவேட்டில் உண்மை எண் அழியாமல் இருந்ததால் மோசடி பிடிபட்டது. அப்படிப்பட்ட பெரிய டிஸ்க்குகள் சத்தமும் அதிகம் போடும். எந்த டிஸ்க் வாங்கினாலும் கவரைப் பிரிக்கும் முன் அதன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது டிஸ்க்குக்கு வருகிறேன். இது எப்போதும் ஓடப்போவதில்லை என்பதால் யூ.எஸ்.பி-யில் செருகும் 4 டெராபைட் கையடக்க டிஸ்க் போதும், எஸ்.எம்.ஆர் ஆனாலும் பாதகமில்லை. முதலாவது எந்தக் கம்பெனியோ அதைவிட்டு வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள் ஒரே குறையோடு பிறந்திருக்கக் கூடும். மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாள் வைத்து, செருகி, புதிதாகச் சேர்ந்ததைப் பிரதி எடுத்து, கழற்றி, தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிப் பீரோவில் வையுங்கள். உங்கள் பக்கம் கடற்காற்றும் மழையும் அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பது நல்லது. நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடிப் பிம்பம் போல இணைத்துவிட்டால் பிரதி எடுத்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து கருகும். கழற்றி வைத்த டிஸ்க்குக்கு அந்த ஆபத்து இல்லை.

‘ஸ்மார்ட்’ எல்லாவற்றையும் சொல்லாது என்றேன். சொல்வதைக் கேட்காமல் இருக்கவும் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மாதம் ஒருமுறை 5, 197, 198 ஆகிய மூன்று வரிசை எண்களைப் பாருங்கள். மூன்றிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். ஏறத் தொடங்கினால் யோசிக்காமல் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 ஏறினால் அநேகமாகக் கேபிள்தான் கெட்டிருக்கும், பயப்பட வேண்டாம்.

இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ‘யூ.பி.எஸ்’ என்றும் ‘ஈகோ’ அல்லது ‘நார்மல்’ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். மின்விசிறிக்கு எது இருந்தாலும் சரி. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் ஏறக்குறைய 16 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும். யூ.பி.எஸ் நிலையில் இன்வெர்ட்டர் 10 மில்லி நொடியில் மாறிவிடும். மற்ற நிலையில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் ஒவ்வொரு மின்வெட்டிலும் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுந்து எழும். இன்றே பின்னால் எட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் கேசட். உங்கள் கடிதப்படி இன்றைய நிலைமை என்ன? 700 ஜிபி பாட்டு ‘டக் டக்’ என்று முனகும் 12 வருடப் பழைய டிஸ்க்கில் இருக்கிறது. அதே பாட்டு 220 கேசட்டில் இருக்கிறது. நாற்பது வருடமாகியும் நீங்கள் போட்டவுடன் பாடியிருக்கின்றன. உங்கள் வீட்டில் இப்போது நம்பக்கூடிய ஒரே பிரதி அவைதான். அவை ஒரு வாட் மின்சாரமும் இழுக்கவில்லை. நாளை இதைவிட நல்ல கருவியில் மறுபடி பதிய வேண்டும் என்று உங்கள் பேரன் நினைத்தாலும் மூலம் அவைதான். ஒவ்வொன்றையும் ஒரு முனைவரை ஓட்டிச் சுற்றி, உறையில் போட்டு, நிமிர்த்தி அடுக்கி, வெயில் படாத உலர்ந்த பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் அவை ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் பாட்டு முழுவதையும் ஏற்றி, எந்தக் கோயில், எந்தக் கொடை, யார் பாடினார்கள், குடம் அடித்தவர் யார் என்று நீங்கள் அறிந்ததையெல்லாம் எழுதி இணைத்து, அங்கே நேரில் போய்ப் பேசுங்கள். 1979-ன் ஒரு கொடை இரவில் யார் என்ன பாடினார் என்பதைச் சொல்ல இன்று அந்தப் பக்கத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறீர்கள். கேசட்டுகளை மட்டும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஐயா.